மேல்மலைக்கு ஏறாத வைத்தியம்

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளையும் பூண்டுக்குத் தனிப் பேர் உண்டு. 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அந்தப் படிக்கட்டுத் தோட்டங்களில் குனிந்து களையெடுப்பதும், விறகைத் தலையில் வைத்துச் சரிவில் இறங்குவதும் பெரும்பாலும் பெண்கள்தாம். இருமினால் சிறுநீர் கசிகிறது, ‘அடி இறங்குது’ என்று அவர்களில் ஒருத்தி வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். சொன்னாலும், ‘மூணு பெத்தவளுக்கு அப்படித்தான்’ என்று கதை முடிந்துவிடும்.

முடிய வேண்டியதில்லை. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குபவை இடுப்புத்தளத் தசைகள். அவற்றை இறுக்கித் தளர்த்திப் பழக்கும் முறையை 1948-ல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் வெளியிட்டார். பிற்பாடு நடந்த 31 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது 2018-ம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு. இருமல், தும்மலில் கசிவு இருந்த பெண்களில், பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 சதவீதம். கத்தியோ மாத்திரையோ இல்லாத ஒரு சிகிச்சைக்கு இது சாதாரண வெற்றியல்ல. ‘அடி இறங்குது’ என்று சொல்லப்படும் கருப்பை இறக்கத்திலும் பயிற்சி தொந்தரவைக் குறைக்கிறது என்று 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு காட்டியது. முற்றிய இறக்கத்துக்கு மட்டும் கருப்பையைத் தாங்கும் வளையமோ அறுவை சிகிச்சையோ தேவைப்படலாம்.

இவ்வளவு எளிதென்றால் ஒரு துண்டுச்சீட்டு அச்சடித்து ஊர் ஊராகக் கொடுத்துவிடலாமே? முடியாது. 1991-ல் 47 பெண்களுக்கு வாய்ச்சொல்லால் மட்டும் பயிற்சியை விளக்கிச் சோதித்தபோது, ஏறக்குறைய பாதிப்பேர்தான் சரியாகச் செய்தார்கள். கால்வாசிப் பேர் மூச்சை அடக்கிக் கீழ்நோக்கி முக்கினார்கள். கசிவைக் கூட்டக்கூடிய செயல் அது. இன்னொரு ஆபத்தும் உண்டு. தசை தளராமல் இறுகிப்போய், உறவின்போது வலியால் துடிக்கும் பெண்ணுக்கு இதே பயிற்சி வலியை அதிகமாக்கலாம். அவள் கற்க வேண்டியது தளர்த்துவதை. எல்லாருக்கும் ‘கெகல் பண்ணுங்க’ என்று சொல்லிவிட்டுப் போகும் வீடியோக்கள் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்வதே இல்லை.

தசை இறுகுவதைத் திரையில் காட்டும் கருவியை நகரத்து மையங்கள் பெருமையாக வைத்திருக்கின்றனவே, அது அவசியமா? 2020-ல் வெளிவந்த, 600 பெண்கள் பங்கேற்ற பிரிட்டன் ஆய்வில், பயிற்சியோடு கருவியையும் சேர்த்துக் கொடுத்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை. மலைக்கு இது நல்ல செய்தி. விலையுயர்ந்த சாமான் தேவையில்லை. தேவை, கையால் சோதித்துச் சொல்லித்தரும் ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட், கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை, குறைந்தது மூன்று மாதத் தொடர்பு. மேல்மலையில் அரிதாக இருப்பவையும் இவைதாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பிசியோதெரபியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. பாராட்ட வேண்டிய ஏற்பாடுதான். ஆனால் வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்றால், பக்கவாதத்தில் படுத்தவரைப் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் பேருந்து பிடிக்கவே பொழுது போய்விடும். இதில், கேட்காமல் யாரும் சொல்லாத கசிவுக்கு முறை எப்போது வரும்? சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க வரும் பெண் தன்னார்வலர் ‘இருமினால் கசிகிறதா?’ என்று கூடுதலாகக் கேட்கலாம். வங்கதேசக் கிராமங்களில் 60 வயது தாண்டிய பெண்களை ஊரிலேயே குழுவாகக் கூட்டிப் பயிற்சி கொடுத்ததில் கசிவு குறைந்ததாக 2019-ல் ஆய்வு வந்திருக்கிறது. மகளிர் குழு கூடும் இடத்தில் இங்கும் அது நடக்காதா என்ன?

இந்த வைத்தியத்தின் பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. பாரத்தைத் தொடாமல், பாரம் தூக்குபவளிடம் மட்டும் அது வேலை வாங்குகிறது. நேபாளத்தில் கருப்பை இறக்கத்தைப் பெண்களின் உரிமைப் பிரச்சினையாக உச்ச நீதிமன்றம் 2008-ல் பார்த்தது. அதன்பின் அரசு அறுவை சிகிச்சைக்குக் காட்டிய அக்கறையைத் தடுப்புக்குக் காட்டவில்லை என்று 2014-ல் மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி குறைசொன்னது. கர்ப்பத்திலும் பிரசவித்த கையோடும் பாரம் தூக்க வைப்பதை அது முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சுட்டியது. தமிழ்நாட்டில் பேறுகாலக் கூலி இழப்பை ஈடுகட்டத்தான் முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவி இருக்கிறது. அந்தப் பணத்தை நம்பி எத்தனை வாரம் ஒரு தோட்டக் கூலிப் பெண் விறகுக் கட்டைத் தொடாமல் இருக்க முடிகிறது என்று பார்த்தால், பயிற்சி எங்கே தோற்கிறது என்பது தெரிந்துவிடும்.