‘நிலை’யும் ‘அழுத்த’மும்: தொடக்கநிலை இயந்திரவியல் கலைச்சொற்கள் – ஒரு மதிப்பீடு

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லாக்கம், விசை, வேலை, நிலை ஆற்றல், அழுத்த சக்தி, கமலை.

முன்னுரை

திருநெல்வேலியிலிருந்து இயங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1930களில் அறிவியல் கலைச்சொல்லாக்கத்தை முன்னெடுத்தது. அதன் சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை ஏற்றவர், ஈழத்தின் காரைதீவில் பிறந்த அறிவியல் பட்டதாரியான விபுலானந்த அடிகள். இருகரைத் தமிழரும் கூடித் தொடங்கிய அப்பணி, பின்னர் இருவேறு பாடநூல் மரபுகளாகப் பிரிந்தது. சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் தமிழ்வழியில் முதன்முறையாக இயற்பியல் பயிலும் மாணவர்க்குக் கலைச்சொல்லே கருத்தின் வாயில். அவ்வாயில் எவ்வளவு தெளிவாகத் திறக்கிறது என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

இருவேறு மரபுகள்

விசை, வேலை, உந்தம் ஆகிய சொற்கள் இருமரபிற்கும் பொது. தமிழகம் ஆற்றல், திறன், நிலை ஆற்றல் என வழங்குவனவற்றை ஈழம் முறையே சக்தி, வலு, அழுத்த சக்தி என வழங்குகிறது. ஈழ வழக்கில் அழுத்த சக்தியும் மின்னழுத்தமும் ஒரே வேரில் நிற்பதால் அவற்றின் உறவு சொல்லிலேயே புலனாகிறது. நீர், வளி முதலியன ஓரலகுப் பரப்பில் தரும் விசைக்கு ‘அமுக்கம்’ என வேறு சொல் உண்டு. தமிழக வழக்கிலோ வளியின் அழுத்தமும் மின்னழுத்தமும் ஒரே சொல்லைப் பகிர்கின்றன. நிலை ஆற்றல் இவற்றினின்று விலகி நிற்கிறது. ஒழுங்கமைவில் ஈழ மரபே மேம்பட்டது.

‘திறன்’ என்னும் சொல்லும் ஆய்வுக்குரியது. வேலை செய்யப்படும் வீதத்திற்கு அதனை வரையறுத்தபின், ‘திருப்புத்திறன்’, ‘நிலைமத் திருப்புத்திறன்’ ஆகியவற்றில் தொடர்பில்லாப் பொருளில் ஆள்வது முரண். ஈழத்தார் வழங்கும் ‘திருப்பம்’ இவ்விடரைத் தவிர்க்கிறது.

‘நிலை’யின் பன்மைப் பொருள்

இருப்பிடம், தன்மை, அசையாமை ஆகிய மூன்றையும் ‘நிலை’ சுட்டும். நிலைமின்னியல், ஓய்வுநிலை ஆகியவற்றைப் பயின்ற மாணவர், நிலை ஆற்றல் என்பது நிற்கும் பொருளுக்கே உரியது எனக் கருத இடமுண்டு. கரிசல் நிலத்துக் கமலை இதனைத் தெளிவிக்கும். 100 கிலோகிராம் நீர் 10 மீட்டர் உயர்ந்தால் அதன் நிலை ஆற்றல் ஏறத்தாழ 9,800 ஜூல் மிகும். பாதிவழியில் ஏறும் கூனையில் உள்ள நீர், இயக்க ஆற்றலையும் நிலை ஆற்றலையும் ஒருங்கே கொண்டுள்ளது. சரிவில் இறங்கும் எருதுகளின் எடையும் நீரை உயர்த்தத் துணைபுரிகிறது. அவற்றின் நிலை ஆற்றல் குறைய, நீரின் நிலை ஆற்றல் மிகுகிறது. மேலும், இவ்வாற்றல் நீருக்கு மட்டும் உரியதன்று. நீரும் புவியும் சேர்ந்த அமைப்பிற்கு உரியது. இதனை ‘நிலை’யும் உணர்த்தவில்லை, ‘அழுத்த’மும் உணர்த்தவில்லை; வரையறையே உணர்த்த வேண்டும்.

வேலையும் உழைப்பும்

வழக்குத் தமிழில் ‘வேலை’ உழைப்பையும் பணியையும் குறிக்கும். தேர் வடத்தைப் பலர் பற்றி இழுத்தும் தேர் அசையாவிடில், தேரின்மீது செய்யப்பட்ட வேலை சுழியே. பூக்கூடையைத் தலையில் சுமந்து சமதளத்தில் சீராக நடப்பவர் கூடைக்குத் தரும் மேல்நோக்கிய விசையும் வேலை செய்வதில்லை. விசை இடப்பெயர்ச்சிக்குச் செங்குத்தாக உள்ளது. உழைத்தவர் களைப்படைவது உடலின் உள்ளே நிகழும் ஆற்றல் மாற்றத்தால். இவ்வேறுபாட்டை விளக்காது சூத்திரத்தை மட்டும் தருவது, மாணவரின் அனுபவ அறிவைப் பிழையெனத் தள்ளுவதாக முடியும்.

முடிவுரை

வேரூன்றிய நிலை ஆற்றலை நீக்க வேண்டுவதில்லை. ‘நிலை’ இங்கு இருப்பிடத்தையும் அமைவையும் குறிப்பதெனப் பாடநூல்கள் முதலிலேயே வரையறுத்தல் போதும். திருப்புத்திறனுக்கு மாற்றாகத் திருப்பத்தை ஏற்கலாம். இருமரபுச் சொற்களையும் அருகருகே தரும் பட்டியல் ஒவ்வொரு நூலிலும் இடம்பெறின், ஒரு கரையின் நூல் மறுகரை மாணவர்க்கும் பயன்படும்.