மட்டாஞ்சேரியின் பாட்டு நோட்டுகள்

கொச்சியின் மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்குப் போகிறவர்கள் பரதேசி ஜெப ஆலயத்தின் நீலச் சித்திர ஓடுகளைப் பார்த்து மலைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். கொச்சி யூதப் பெண்களின் மலையாளப் பாட்டு நோட்டுகளுக்கும் அந்த மலைப்பில் பாதியாவது சேர வேண்டும். கல்யாணப் பாட்டு, வேதாகமக் கதைப் பாட்டு என்று கையால் எழுதி வைத்தார்கள். நோட்டைப் பார்த்து நோட்டு எழுதினார்கள். அவர்களுக்கு நூலகமும் பதிப்பகமும் அதுதான். பார்த்தெழுதுவது படைப்பாகுமா என்று கேட்கலாம். ஒரே பாட்டு நோட்டுக்கு நோட்டு அடி மாறி, சொல் மாறி வருகிறது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தவர்களைத் தொகுப்பாசிரியர்கள் என்றே சொல்ல வேண்டும். இந்த நோட்டுகள் எழுத்துப்பிழை மலிந்தவை என்பதும் மெய்தான். ஆனால் காதில் விழுந்தபடி எழுதிய அந்தக் கோணல் வரிகளில் வாயசைவும் இழுப்பும் அப்படியே படிந்திருக்கின்றன. பண்டிதர் திருத்தியிருந்தால் அவை போயிருக்கும்.

கொச்சியில் பிறந்த ரூபி டேனியல் இந்தப் பாட்டுகளில் பலவற்றைப் பொறுமையாக ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஆய்வாளர்கள் ஸ்கறியா சக்கரியாவும் ஓஃபிரா கம்லியேலும் உருவாக்கிய ‘கார்குழலி’ தொகுப்பு 2005-இல் ஜெருசலேமில், மலையாளமும் எபிரேயமும் சேர்ந்து அச்சேறியது. இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பெண்கள் தங்களோடு எடுத்துப்போன நோட்டுகளும் அதற்கு ஆதாரம்.