பூச்சு உதிர்ந்த சுவர்கள்

சென்னை ஜார்ஜ் டவுனுக்கு முதலில் கறுப்பர் நகரம் என்று பெயர். ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடியதையொட்டி 1911-இல் பெயர் மாறியது. பழைய வணிகம் தெருப்பெயர்களில் தங்கியிருக்கிறது: தங்கசாலை, பவளக்காரத் தெரு. ஆர்மீனியர் தெரு மக்கள் வாயில் அரண்மனைக்காரத் தெருவானது. அரண்மனை ஏதுமில்லை, 1772-இல் எழுந்த ஆர்மீனியத் தேவாலயம் உண்டு.

இத்தெருக்களின் அழகு பூச்சு உதிர்ந்த இடத்தில்தான் தொடங்குகிறது. நீலத்துக்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே காவி, அடியில் வெள்ளைச் சுண்ணாம்பு. ஒவ்வொரு வெள்ளையடிப்பும் ஓர் அடுக்கு. எந்த ஓவியரும் திட்டமிட்டுத் தர முடியாத நிறச்சேர்க்கை அது. உள்ளே தெரியும் செங்கல் இன்றைய செங்கல்லைவிட மெல்லியது.

இடிந்த வீடுகளில் ‘மெட்ராஸ் டெரஸ்’ கூரையின் குறுக்குவெட்டைப் பார்க்கலாம். தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்குவார்கள். மேலே சுண்ணாம்பு கலந்த செங்கல் ஜல்லியைப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்குவார்கள். எத்தனை கைகளின் பொறுமை!

திண்ணைகள் பெரும்பாலும் கடைகளாகிவிட்டன. வார்ப்பிரும்புத் தூண்களில் விளம்பரத் தட்டிகள் தொங்குகின்றன.

சுவர் வெடிப்பில் காக்கை எச்சத்திலிருந்து அரசங்கன்று முளைக்கிறது. மழைக்குப் பின் அதன் தளிர் செம்பு நிறத்தில் மின்னும். வேரோ சாந்தைப் பிளந்துகொண்டு இறங்கும்.