2000-ஆம் ஆண்டை மறந்த பத்துப் படங்கள்

2010 தொடக்கத்தில் பிரான்ஸின் 'கயே து சினிமா' இதழ், முடிந்த பத்தாண்டின் மிகச் சிறந்த பத்துப் படங்களை வரிசைப்படுத்தியது. முதலிடம் டேவிட் லிஞ்சின் 'முல்ஹாலண்ட் டிரைவ்'. அடுத்து கஸ் வான் சான்டின் 'எலிஃபென்ட்', அபிசாட்போங் வீரசெத்தகுலின் 'டிராபிகல் மேலடி', போங் ஜூன் ஹோவின் 'தி ஹோஸ்ட்', டேவிட் க்ரோனென்பெர்க்கின் 'எ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ்'. ஆறிலிருந்து பத்துவரை அப்தெலத்தீஃப் கெஷிஷ், வாங் பிங், ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், டெரன்ஸ் மாலிக், அப்பாஸ் கியாரோஸ்தமி. 1951-இல் ஆந்த்ரே பஸானும் நண்பர்களும் தொடங்கிய இதழ் இது. கோதார்டும் த்ரூஃபோவும் படமெடுக்க வருமுன் விமர்சனம் எழுதிய இடம். அதன் கணிப்பைச் சும்மா தள்ளிவிட முடியாது.

ஒரு தேர்வுக் குழுவின் தரம், அது எடுத்த ஆட்டக்காரர்கள் அடுத்த தொடர்களில் எப்படி ஆடினார்கள் என்பதில் தெரியும். அந்தச் சோதனையில் கயே அபாரமாகத் தேறுகிறது. பட்டியல் வந்த சில மாதங்களிலேயே, 2010 மே மாதம், கான் விழாவின் தங்கப்பனை விருதை அபிசாட்போங் வாங்கினார். 2011-இல் மாலிக், 2013-இல் கெஷிஷ், 2019-இல் போங். வான் சான்டும் லிஞ்சும் கியாரோஸ்தமியும் ஏற்கெனவே வாங்கியவர்கள். ஆக, பத்தில் ஏழு பேர் தங்கப்பனைக்காரர்கள். 'தி ஹோஸ்ட்' ஹான் நதியிலிருந்து கிளம்பும் பூதத்தைப் பற்றிய படம். அதை நான்காம் இடத்தில் வைக்கத் துணிச்சல் வேண்டும். பத்தாண்டு கழித்து 'பாரசைட்' நான்கு ஆஸ்கர்களை அள்ளியபோது அந்தத் துணிச்சலுக்குப் பலன் தெரிந்தது.

முதலிடத்தில் பிசகே இல்லை. 'முல்ஹாலண்ட் டிரைவ்' 1999-இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சிக்காக ஒரு தொடரின் முதல் அத்தியாயமாக எடுக்கப்பட்டது. சேனல் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டது. பிரான்ஸின் ஸ்டுடியோகனால் பணம் போட, லிஞ்ச் கூடுதல் காட்சிகள் எடுத்து அதை முழுப் படமாக்கினார். தங்கள் நாட்டுப் பணம் என்பதற்காக பிரெஞ்சு விமர்சகர்கள் தூக்கிவிட்டார்கள் என்று சந்தேகப்படவும் வழியில்லை. 2016-இல் பிபிசி 177 விமர்சகர்களிடம் இந்த நூற்றாண்டின் சிறந்த படம் எது என்று கேட்டபோதும் முதலில் வந்தது இதுதான்.

நேயோமி வாட்ஸின் நடிப்பு ஒன்றே போதும் அந்த இடத்துக்கு. நடிகையாகத் துடிக்கும் பெட்டி, வாய்ப்புத் தேடிப் போகுமுன் வீட்டில் வசனத்தைச் சொல்லிப் பார்க்கிறாள். மட்டமான நாடகம் போலிருக்கிறது, அவளே சிரித்துவிடுகிறாள். பிறகு தேர்வு அறையில் அதே வசனம். இப்போது வயதான நடிகரின் காதருகே மூச்சோடு மூச்சாகச் சொல்கிறாள். அறையே அடங்கிப்போகிறது. சொற்கள் மாறவில்லை, குரலின் அளவும் உடலின் நெருக்கமும் மாறின, அவ்வளவுதான். நடிப்புப் பள்ளிகள் வருடம் முழுக்கச் சொல்லித்தருவதை இந்தச் சில நிமிடங்கள் காட்டிவிடுகின்றன.

ஏழாம் இடத்தில் இருக்கும் வாங் பிங்கின் 'வெஸ்ட் ஆஃப் தி டிராக்ஸ்' இன்னும் மேலே இருந்திருக்க வேண்டும். சீனாவின் ஷென்யாங் நகரில் தியெஷி என்ற தொழிற்பேட்டை மூடப்பட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு சிறிய டிஜிட்டல் கேமராவோடு உள்ளே போய் எடுத்த ஆவணப்படம். ஓடும் நேரம் ஒன்பது மணிக்கும் மேல். உருக்காலை, குடியிருப்பு, ரயில் பாதை என மூன்று பாகங்கள். ஆலை அணைவதையும் தொழிலாளர் குடும்பங்கள் வீட்டைக் காலிசெய்வதையும் அவசரமில்லாமல் பார்க்கிறது. ஒரு தேசத்தின் பொருளாதார மாற்றத்தைத் தொழிலாளியின் பக்கத்தில் நின்று இவ்வளவு பொறுமையாகப் பதிந்த படம் அந்தப் பத்தாண்டில் வேறில்லை.

இனி, கோளாறு. பத்துப் படங்களின் ஆண்டுகளை அடுக்கினால் 2001-இல் தொடங்கி 2007-இல் முடிகின்றன. 2005-க்கு மட்டும் மூன்று இடங்கள்: க்ரோனென்பெர்க், ஸ்பீல்பெர்க், மாலிக். மூன்றும் அமெரிக்கப் படங்கள். 2000-ஆம் ஆண்டுக்கு ஒன்றுமில்லை. அந்த ஆண்டில் வந்தவை வாங் கார் வையின் 'இன் தி மூட் ஃபார் லவ்', எட்வர்ட் யாங்கின் 'யீ யீ', ஆக்னஸ் வர்தாவின் 'தி கிளீனர்ஸ் அண்ட் ஐ'. ஒரே ஆண்டில் இப்படி மூன்று படங்கள் வருவது அபூர்வம். மூன்றையும் கயே கைவிட்டது.

வர்தாவை விட்டதுதான் பெரிய வருத்தம். அறுவடை முடிந்த வயலில் கிடக்கும் உருளைக்கிழங்கையும், கலைந்த சந்தையில் மிஞ்சிய காய்கறியையும் பொறுக்கி உண்பவர்களைப் பற்றிய ஆவணப்படம் அது. எழுபதைத் தாண்டிய வர்தா ஒரு கையில் கேமராவைப் பிடித்து, சுருங்கிப்போன தன் மறு கையைத் தானே படம்பிடிக்கிறார். சிறிய டிஜிட்டல் கேமரா சினிமாவுக்கு என்ன தரும் என்பதை வாங் பிங்குக்கும் கியாரோஸ்தமியின் 'டென்' படத்துக்கும் முன்பே செய்து காட்டியவர் அவர். அவரை விட்ட பட்டியலில் பத்து இயக்குநர்களும் ஆண்கள். அர்ஜென்டினாவின் லுக்ரேசியா மார்ட்டெலும் 'லா சியெனாகா', 'தி ஹெட்லெஸ் வுமன்' என்று அதே பத்தாண்டில்தான் உழைத்துக்கொண்டிருந்தார். லத்தீன் அமெரிக்காவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஓர் இடம்கூட இல்லை.

பிறர் பார்வை வேறாக இருந்தது. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' 2022-இல் வெளியிட்ட நூறு படங்களின் வரிசையில் வாங் கார் வை ஐந்தாவது, லிஞ்ச் எட்டாவது; 'யீ யீ', வர்தாவின் படம் இரண்டும் உண்டு. கயேயின் பத்தில் அங்கே இடம்பிடித்தவை 'முல்ஹாலண்ட் டிரைவ்', 'டிராபிகல் மேலடி' ஆகிய இரண்டு மட்டுமே.

அடுத்த பத்தாண்டுக்கும் கயே லிஞ்சையே முதலிடத்தில் நிறுத்தியது. 2017-இல் வந்த பதினெட்டு அத்தியாயத் தொலைக்காட்சித் தொடரான 'ட்வின் பீக்ஸ்: தி ரிட்டர்ன்' அந்தப் பெருமையைப் பெற்றது. தொடர் எப்படிப் படமாகும் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் தொலைக்காட்சி ஒதுக்கிய அத்தியாயத்துக்கு ஒருமுறை மகுடம் சூட்டிய இதழ் இந்த முடிவுக்கு வந்ததில் ஒரு நேர்மை இருக்கிறது.

எட்டாம் இடத்தில் உள்ள ஸ்பீல்பெர்க்கின் 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்', ஒன்பதில் உள்ள மாலிக்கின் 'தி நியூ வேர்ல்ட்' இரண்டும் நல்ல படங்கள்தாம். ஆனாலும் அந்த இரண்டு இடங்களும் வர்தாவுக்கும் எட்வர்ட் யாங்குக்கும் சேர வேண்டியவை.