தெவிட்டிய கலமும் விட்டுப்போன பாடமும்

1986 மார்ச்சில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில், நோயாளி ஒருவருக்குத் தெராக்-25 என்னும் முடுக்கியால் எலெக்ட்ரான் கற்றை செலுத்தப்பட்டது. வேண்டிய அளவு 202 அலகு. திரையோ 6 அலகே சென்றதாகக் காட்டியது. இயக்கியவர் மீண்டும் பொத்தானை அழுத்தினார். உண்மையில் முதல் முறையே பன்மடங்கு மிகுதியான கதிர்வீச்சு பாய்ந்திருந்தது. ஐந்து மாதங்களில் நோயாளி இறந்தார்.

இதைக் கணிப்பொறி நிரலின் பிழைக்கு எடுத்துக்காட்டாக நீங்கள் படித்திருக்கலாம். நிரலில் பிழை இருந்தது உண்மையே. ஆனால் அத்துடன் நிறுத்துவது அரைகுறை விளக்கம் என்பேன். அளவு குறைவு என்று காட்டக் காரணமானது, கற்றையின் செறிவை அளந்த அயனியாக்கக் கலம். லெவெசன், டர்னர் இருவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சொல்கிறது. அதைச் சுருக்கி எழுதுவோர்தாம் விட்டுவிடுகின்றனர்.

கலம் இயங்கும் முறை எளிது. கற்றை வாயுவினூடே செல்கையில் அயனி இணைகள் தோன்றுகின்றன. காற்றில் ஓர் இணைக்குச் சுமார் 34 எலெக்ட்ரான் வோல்ட் செலவாகும். மின்வாய்கள் அவற்றை ஈர்க்கின்றன. கிடைக்கும் மின்னோட்டம் கற்றையின் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆனால் செறிவு மிகும்போது எதிரெதிர் அயனிகள் மின்வாயை அடையுமுன்பே ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. சேர்ந்தவை கணக்கில் வாரா. கற்றை பெருகினாலும் கலம் குறைத்தே சொல்லும்.

இங்கே பாடநூல்களிலும் ஒரு குறை உண்டு. மின்னழுத்தத்துடன் உயர்ந்து, பின் மட்டமாகச் செல்லும் ஒரே கோட்டைப் பல நூல்கள் வரைந்து காட்டுகின்றன; மட்டத்தை எட்டினால் அயனிகள் முழுதும் சேகரிக்கப்பட்டன என்கின்றன. சரியே. ஆனால் அக்கோடு ஒரு குறிப்பிட்ட செறிவுக்கே உரியது. செறிவு கூடினால் மட்டத்தை எட்ட மேலும் மின்னழுத்தம் தேவை. இதைச் சொல்லாததால், கலம் எந்நாளும் மெய்யே பேசும் என்று மாணவர் நம்பிவிடுகின்றனர்.

பாதுகாப்புக்கு இரு கலங்கள் வைப்பது வழக்கம். இரண்டும் ஒரே கற்றையில் ஒருங்கே தெவிட்டினால் இரண்டாவது சாட்சியால் என்ன பயன்? இன்று நொடிக்கும் குறைந்த நேரத்தில் பெருமளவு கதிர்வீச்சைச் செலுத்தும் சிகிச்சை ஆராயப்படுகிறது. அங்கும் இதே இடர் காத்திருக்கிறது.

ஆகவே அடுத்த முறை அந்த வரைபடத்தை வரையும்போது, மிகுந்த செறிவுக்குரிய இரண்டாவது கோட்டையும் சேர்த்து வரையுங்கள். பழைய மின்னழுத்தத்தில் அக்கோடு இன்னும் ஏறிக்கொண்டே இருப்பதைக் காண்பீர்கள்.