பல்லவியைத் தாண்டிப் பட்டுக்கோட்டையார்

பட்டுக்கோட்டை கலியாணசுந்தரத்தின் பாட்டு யாருக்குத்தான் தெரியாது என்பீர்கள். பல்லவி எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் தெரிந்தவர்கள் குறைவு. பள்ளி ஆண்டு விழாவில் குழந்தைகள் பாடுவது பல்லவி, மேடைப் பேச்சாளர் எடுத்துவிடுவது பல்லவி, கைப்பேசியில் வெட்டி ஒட்டிச் சுற்றி வருவதும் பல்லவிதான். அதோடு நிறுத்திக்கொண்டால், குழந்தைகளுக்கும் சோம்பேறிகளுக்கும் புத்தி சொன்ன ஒரு நல்ல அண்ணனாக மட்டும் அவர் தெரிவார். அவர் யாரை நோக்கிப் பேச வந்தார் என்பது சரணத்தில்தான் வெளிப்படும், பல சமயம் கடைசிச் சரணத்தில். அதனால் அவரை ரசிக்க விரும்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பாட்டை முழுசாகக் கேளுங்கள்.

'நாடோடி மன்னன்' (1958) படத்தில் தம்பியைத் தட்டி எழுப்பும் பாட்டை எடுத்துக்கொள்வோம். எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை, டி.எம். சௌந்தரராஜன் குரல். தூங்கிக் கெட்டவர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார் கவிஞர். படையில் தூங்கியவன், பள்ளியில் தூங்கியவன், கடையில் தூங்கியவன், கடமையில் தூங்கியவன். ஒவ்வொருவனும் எதை இழந்தான் என்று கணக்கு வைக்கிறார். இதுவரை இது வழக்கமான நீதிப் பாட்டுதான். தூங்குகிற ஏழையைத் தட்டி எழுப்புவது சுலபம், அவன் ஏன் அசந்து தூங்குகிறான் என்று கேட்க வேண்டாமா என்றுகூட நமக்குத் தோன்றும். அப்போதுதான் கடைசி ஆள் வருகிறார். அவர் பொறுப்பில் இருக்கும் பெரிய மனிதர். முதல் நான்கு பேரும் தூங்கித் தங்கள் சொந்த முதலை இழந்தவர்கள். இந்தப் பெரிய மனிதர் தூங்கினால் அவருக்கு ஒரு நட்டமும் கிடையாது. ஊர் வேலை எல்லாம் கிடப்பில் விழும். தம்பியை எழுப்பக் கிளம்பிய குரல், போகிற போக்கில் மாடி வீட்டுக் கதவையும் ஓங்கித் தட்டிவிடுகிறது. ஆண்டு விழா மேடைகளில் இந்த இடம் வருவதற்குள் திரை விழுந்துவிடும்.

இதே வேலையை அவர் திரும்பத் திரும்பச் செய்தார். 'திருடாதே' (1961) படத்தில் பாப்பாவிடம் பேசத் தொடங்கும் பாட்டு, நடுவில் திட்டம் போட்டுத் திருடும் கூட்டத்தின் பக்கம் திரும்புகிறது. சட்டத்தால் மட்டும் அதை நிறுத்திவிட முடியாது என்கிறது. உள்ளதெல்லாம் எல்லோருக்கும் பொதுவானால் பதுக்கலுக்கு வேலையே இருக்காது என்கிற இடத்துக்கு வந்து நிற்கிறது. பதுக்கல் என்ற சொல்லை அந்தக் காலத்து மனிதரின் காதோடு கேட்க வேண்டும். ரேஷன் வரிசையில் நின்ற தலைமுறை அது. அரிசி எங்கோ மூட்டை மூட்டையாக அடைந்து கிடக்க, கடையில் இல்லை என்று கைவிரிப்பதைக் கண்ணால் பார்த்தவர்கள். 'அரசிளங்குமரி' (1961) ராஜா ராணிக் கதை. அதில் ஒரு சிறுவனுக்குச் சொல்லும் புத்திமதிக்குள், ஜி. ராமநாதனின் மெட்டில், தனியுடைமை என்ற சொல்லையே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார். அரண்மனைக் கதைக்குள் கட்சிக் கூட்டத்துச் சொல். அது கொஞ்சமும் துருத்தவில்லை. மரத்து உச்சியில் பேய் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதே என்கிற வீட்டுப் பேச்சோடு, அதே மூச்சில் இதையும் சொல்லிவிடுகிறார்.

இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாட்டு இன்னும் திறக்கும். கலியாணசுந்தரம் 1930 ஏப்ரல் 13 அன்று பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் செங்கப்படுத்தான்காடு என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா அருணாசலம், தானே கும்மிப் பாட்டுக் கட்டியவர். பிள்ளைக்குப் பள்ளிப் படிப்பு பெரிதாக வாய்க்கவில்லை. மாடு மேய்த்தது, உழுதது, மாம்பழம் விற்றது, இட்லி விற்றது, மீன் பிடித்தது, உப்பளத்தில் வேலை பார்த்தது, நாடகத்தில் நடித்தது என்று அவர் பார்த்த தொழில்கள் 17 என்று ஒரு பட்டியலே உண்டு. மேடையில் அந்தப் பட்டியலை வாசித்துக் கைதட்டு வாங்குவார்கள். எனக்கு அந்த எண்ணிக்கையில் ஆர்வம் இல்லை. எந்தத் தொழில் எந்தப் பாட்டில் வாசம் வீசுகிறது என்று தேடிப் பாருங்கள், அதுதான் சுவை.

தேடத் தொடங்க நல்ல இடம், அதே 'நாடோடி மன்னன்' படத்தில் சௌந்தரராஜனும் பி. பானுமதியும் பாடும் உழவர் பாட்டு. தரிசாகக் கிடந்த நிலத்தைக் கொத்துவதில் ஆரம்பிக்கிறது. ஏர், கண்மாய்க் கரை, வாய்க்கால், நாற்றைப் பறித்து நடுவது, தண்ணீர் கட்டுவது என்று நகர்கிறது. வேலைகள் நடக்கிற வரிசை குலையாமல் அப்படியே வருகிறது. மேஜையில் உட்கார்ந்து வயலைக் கற்பனை செய்கிறவர் பச்சைக் கம்பளம், தென்றல், கதிர் தலைசாய்ப்பது என்று எழுதுவார். பட்டுக்கோட்டையார் சொல்வது வேறு. பயிர் வளர்ந்த வளர்த்தியில் வரப்பு உள்ளே மறைந்து போயிற்றாம். ஒரு போகத்தின் விளைச்சலை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. வரப்பில் நடந்து பழகிய கால்தான், வரப்பு எங்கே என்று தேடும். அந்த மகசூலின் உச்சியில் நின்றுதான் பெண் குரல் தன் மச்சானிடம் அந்தக் கேள்வியைப் போடுகிறது. இவ்வளவும் விளைந்து நமக்கு மிஞ்சியது என்ன, உழைத்து ஓய்ந்த இந்த உடம்புதானே?

கேள்வி பெண்ணுக்கு, பதில் ஆணுக்கு. ஆணின் பதிலில் நம்பிக்கை இருக்கிறது, வரப்போகும் நல்ல காலம் இருக்கிறது. அந்தப் படத்துக்கும் அதன் நாயகனுக்கும் அது தேவை. ஆனாலும் கேள்வியில் உள்ள கூர்மை பதிலில் இல்லை என்பதே என் எண்ணம். பாட்டைக் கேட்டு முடித்ததும் காதில் நிற்பது பானுமதியின் குரல்தான். கவிஞருக்கும் அது தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இந்தக் கேள்வி தஞ்சாவூர் வயல்களில் உண்மையாகவே கேட்கப்பட்ட கேள்வி. அவர் வளர்ந்த காலத்தில் அந்த மாவட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. பண்ணையாளுக்கு நியாயமான கூலி, குத்தகைதாரருக்கு நியாயமான பங்கு, சாட்டையடியும் சாணிப்பால் புகட்டும் தண்டனையும் ஒழிய வேண்டும் என்று பி. சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் கீழத்தஞ்சையில் விவசாயிகளைத் திரட்டினார்கள். 1952இல் அரசு தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டமே கொண்டுவர வேண்டி வந்தது. கலியாணசுந்தரம் அந்த இயக்கத்தில் கலந்தவர். கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவாவின் அன்பைப் பெற்றவர், கட்சி ஏடான 'ஜனசக்தி'யில் பாட்டு எழுதியவர், விவசாயிகள் கூடும் இடங்களில் பாடப்படுவதற்கென்றே எழுதியவர். இன்னொரு பக்கம் புதுச்சேரியில் பாரதிதாசனிடம் இருந்து தமிழின் கட்டுக்கோப்பைக் கற்றுக்கொண்டார். வாத்தியார் மீது அவருக்கு இருந்த பக்தி சாதாரணமானதல்ல. எழுத உட்காரும்போது தாளின் தலைப்பில் அவரை வாழ்த்திவிட்டுத்தான் தொடங்குவார் என்று சொல்வார்கள்.

இந்த இரண்டு பள்ளிக்கூடங்களும் சேர்ந்து ஒலிப்பதைக் கேட்க வேண்டுமென்றால் 'இரும்புத்திரை' (1960) படத்தில் வரும் சம்பள நாள் பாட்டுக்கு வாருங்கள். அவர் எழுதியதிலேயே என் மனசுக்கு மிகப் பிடித்தது இது. எஸ்.எஸ். வாசன் எடுத்த மில் தொழிலாளர் கதை. எஸ்.வி. வெங்கட்ராமன் மெட்டு. பாடியவர் திருச்சி லோகநாதன். மாதம் பூராவும் உழைத்து இளைத்த ஒருவன் சம்பளத்தைக் கையில் வாங்குகிறான். பையில் போடவில்லை, அதற்குள் காணோம். வழியிலேயே கடன்காரர்கள் கணக்கு நோட்டோடு நிற்கிறார்கள். காதலி கேட்டால் என்ன பதில் சொல்வது என்று விழிக்கிறான். அந்தக் கணக்கு நோட்டைக் கவனியுங்கள். வட்டிக்காரன் கொடுமைக்காரன், முறுக்கு மீசைக்காரன் என்றெல்லாம் அவர் வர்ணிக்கவில்லை. கையில் ஒரு நோட்டைக் கொடுத்து நிறுத்திவிட்டார். மில் வாசலில் சம்பள நாளன்று நின்றவர்களுக்கு அது போதும்.

இந்தப் பாட்டை ஒருமுறை வெறும் ஓசைக்காகக் கேளுங்கள். பட்டினி, நோட்டு, வட்டி என்று டகரம் இரட்டித்த சொற்கள் ஒரு சரணத்தில் அடுக்கடுக்காக விழும். எதுகை அங்கே அழகுக்காக நிற்கவில்லை. தொழிலாளியின் பட்டினி ஒரு சொல், பணக்காரன் பெட்டி ஒரு சொல், இரண்டையும் ஒரே எழுத்தால் முடிச்சுப் போட்டுவிடுகிறார். எது எதற்குக் காரணம் என்று நாம் பொருளாதாரம் படிக்க வேண்டியதில்லை, காது கண்டுபிடித்துவிடும். விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டே கேட்டுப் பார்த்தால், தட்டு விழுகிற இடத்தில் எல்லாம் அந்த எதுகை வந்து நிற்பது தெரியும். மரபுக் கவிதையின் இந்த நுட்பம் பாரதிதாசனிடம் கற்றதாக இருக்கலாம். அதைக் கொண்டுபோய் அவர் மில் கூலியின் வாயில் வைத்ததுதான் பெரிய காரியம்.

அடுத்து, அவர் யாரை எப்படிக் கூப்பிடுகிறார் என்று பாருங்கள். தம்பி, பாப்பா, பயலே, மச்சான், பொண்ணு. அவருடைய நல்ல பாட்டுகள் பலவற்றில் எதிரே ஓர் ஆள் நிற்கிறார். தொழிலாளர்களே, தோழர்களே என்று கூட்டத்தைப் பார்த்துப் பேசும் மேடைக் குரலைத் திரையில் அவர் நம்பவில்லை. உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பார்கள். தணிக்கையும் தயாரிப்பாளரும் இருக்கும் ஒரு தொழிலில் அரசியல் பேச அவர் கண்டுபிடித்த சந்து இது என்றும் சொல்லலாம். அதைத் தந்திரம் என்று நான் நினைக்கவில்லை. ஊரில் பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து பேரனிடம் பேசுவது போலப் பேசிக்கொண்டே, தெருவில் போகிற மணியக்காரர் காதில் விழவேண்டியதைப் போட்டுவிடுவது நம் பழக்கம்தானே.

காதல் பாட்டுகளை ஒதுக்கிவிடாதீர்கள். பொதுவுடைமைக் கவிஞர் என்று முத்திரை குத்தியவர்கள் பலர் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய 'கல்யாணப் பரிசு' (1959) படத்துக்குப் பாட்டு எழுதியவர் இவர்தான். இசை ஏ.எம். ராஜா. அதில் தீபாவளிப் பாட்டு ஒன்று பி. சுசீலா குரலில் மத்தாப்பு வெளிச்சமாக வரும். பிறகு அதே பல்லவி ராஜாவின் குரலில் துயரமாகத் திரும்பி வரும். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். நீ, நான், பார்ப்பது, ஆடுவது. இவ்வளவு எளிய சொற்கள்தான். மகிழ்ச்சிக்கு வைத்த சொற்களையே அதிகம் மாற்றாமல் துக்கத்துக்கும் தாங்கவைத்திருக்கிறார். சுமை தாங்கும் சொல் எது என்று தேர்ந்தெடுப்பதில் அவருக்கு இருந்த கைத்திறமைக்கு, என்னைக் கேட்டால், புரட்சிப் பாட்டுகளைவிட இதுதான் சரியான சாட்சி.

எல்லாப் பாட்டும் இந்த உயரத்தில் இல்லை. நகைச்சுவைக் காட்சிக்காக எழுதிக் கொடுத்த சில பாட்டுகள் இன்று வெளிறிவிட்டன. அவசரமும் கட்டாயமும் தெரிகிறது. திரையில் அவருக்குக் கிடைத்ததே ஐந்தாண்டுக்கும் குறைவு. 1950களின் நடுவில் நுழைந்தவர், 1959 அக்டோபர் 8 அன்று சென்னையில் இறந்தபோது வயது 29. 'இரும்புத்திரை'யும் 'திருடாதே'யும் 'அரசிளங்குமரி'யும் அவர் போன பிறகு திரைக்கு வந்தவை. ஊர் உலகமெல்லாம் பாடிய சில பாட்டுகள் பாடப்படுவதை அவர் கேட்கவே இல்லை. இதை நினைக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 'பாசவலை'யில் (1956) தொடங்கலாம். எது யாருக்குச் சொந்தம் என்று கேட்கும் பாட்டு ஒன்று அதில் உண்டு. வழிதவறிய ஆட்டுக்குட்டி நரிக்கு, நரி தப்பி வந்தால் வேறொருவனுக்கு என்று சங்கிலியாகப் போகும். விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசை. அடுத்து உழவர் பாட்டு, பிறகு சம்பள நாள் பாட்டு, அதன்பின் 'கல்யாணப் பரிசு'. தம்பியையும் பாப்பாவையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைக் கேட்டுவிட்டு வந்தால் பழகிப்போன அந்தப் பல்லவிகள் புதிதாகக் கேட்கும்.

காதால் கேட்டது போதும் என்று விடாமல் தொகுப்பு நூல் ஒன்றையும் வாங்கி வையுங்கள். அவருடைய படைப்புகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை, அதனால் பல பதிப்பகங்கள் குறைந்த விலையில் வெளியிட்டிருக்கின்றன. திரைப்பாட்டுப் பகுதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். படத்தில் இடம்பெறாத பாட்டுகளை முதலில் படியுங்கள். மெட்டு இல்லை, நடிகர் இல்லை, காட்சி இல்லை. வாய்விட்டுப் படித்தால், எந்தச் சொல்லில் மூச்சு நிற்கவேண்டும் என்று பாட்டே காட்டிக்கொடுக்கும்.