அவையல்கிளவியும் அரசியல் மேடையும்

அவையிற் சொல்லத்தகாத சொற்கள் உள என்பதனைத் தமிழிலக்கணம் தன் தொன்மை நூலிலேயே உணர்த்தியுள்ளது. தொல்காப்பியர் எச்சவியலில் அத்தகைய சொற்களை 'அவையல்கிளவி' எனப் பெயரிட்டு, அவற்றை மறைத்துக் கூறுதல் வேண்டும் என்றார். நன்னூலார் இதனையே 'இடக்கரடக்கல்' எனக் கொண்டு, மங்கலம், குழூஉக்குறி என்னும் இரண்டனொடும் சேர்த்துத் தகுதி வழக்கினுள் அடக்கினார். வகுப்பறையில் இவ்விலக்கணம் 'கால் கழுவி வந்தான்' என்னும் ஓர் எடுத்துக்காட்டோடு முடிந்துவிடுகின்றது. ஆயின், அரசியல் தலைவர்தம் மேடைமொழி இன்று அடைந்துள்ள நிலையை நோக்குமிடத்து, இச்சிறு விதி மீண்டும் ஆராயத்தக்கதாகத் தோன்றுகின்றது. வசைமொழியின் பெருக்கத்தை ஒழுக்கக் கேடு என்று வருந்திக் கூறுவோர் பலர். அது மொழித்திறத்தின் வீழ்ச்சியுமாகும் என்பதனைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. 'அவை' என்னும் சொல்

அவையல்கிளவி என்னும் பெயரில் முதற்கண் நோக்கத்தக்கது 'அவை' என்னும் சொல்லே. தொல்காப்பியர் இன்னின்ன சொற்கள் ஆகா எனப் பட்டியல் தந்தாரல்லர். அவைக்கு ஆகாத சொல் என்ற அளவில் நிறுத்தினார். இதனால் இரண்டு கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, குற்றம் சொல்லின்கண் மட்டும் தங்குவதன்று. சொல்லப்படும் இடத்தையும் பொறுத்தது. மருத்துவர் நோயாளியிடம் கூறும் உறுப்பின் பெயர் குற்றமுடையதன்று. அப்பெயரே பொதுமேடையில் ஒருவரை இழித்தற்கு வருமாயின் குற்றமாகும். மற்றொன்று, இழிசொல்லால் இழுக்குறுவோர் அச்சொல்லுக்கு இலக்கானவர் மட்டுமல்லர். அதனைக் கேட்டிருக்கும் அவையும் இழுக்குறுகின்றது.

தொல்காப்பியர் இவ்விதியைத் தம் நூலிலும் போற்றினார். உயிர்மயங்கியலில் 'ஆ' என்னும் சொல்லின்முன் 'பீ' என்னும் சொல் வந்து புணருமாறு கூறவேண்டிய இடத்தில், அச்சொல்லை வெளிப்பட ஓதாது, ஈகாரத்தோடு கூடிய பகரம் என எழுத்தளவிற் சுட்டிச் செல்கின்றார். ஓலையில் எழுதும் இலக்கண நூலையும் ஓர் அவையாகவே அவர் கருதினார் என்பது இதனாற் புலனாகும்.

திருவள்ளுவரும் இந்நெறியினரே. இனியவை கூறல், பயனில சொல்லாமை முதலியவற்றை அறத்துப்பாலில் வைத்த அவர், சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்னும் மூன்று அதிகாரங்களையும் பொருட்பாலில், அமைச்சினைக் கூறும் பகுதியில் வைத்தார். சொல்லை ஆளுதல் அரசியலாளர்க்குத் தொழில்திறன் என்பதே இவ்வைப்புமுறையின் கருத்து. நல்லவை, புல்லவை என அவையைப் பிரித்து, நல்லவையில் பேசவல்லார் புல்லவையில் மறந்தும் பேசலாகாது என்று அவர் விலக்குவதும் ஈண்டு நினைத்தற்குரியது. கூட்டம் நகைப்பதனால் மட்டும் ஒரு சொல் அவைக்கு ஏற்றதாகிவிடாது.

2. வசைக்கும் இலக்கணம் உண்டு

நாகரிகம் என்பது எதிரியைத் தாக்காதிருத்தல் என்று சிலர் கொள்வர். தமிழ் மரபு அவ்வாறு கொள்ளவில்லை. செய்யுளியலில் தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இருவகைப்படுத்தினார். வெளிப்படையாக வசைகூறுவது முன்னையது. வசையைப் பிறிதொரு மொழியுள் மறைத்துக் கூறுவது பின்னையது. ஆகவே, வசை இலக்கியத்தின்கண் இடம்பெற்ற பொருளே. அவையல்கிளவியை விலக்கிய நூலே அங்கதத்தையும் வகுத்தது என்பதனால், இவ்விரண்டும் வேறு வேறு என்பது தெளிவு.

புறநானூற்றில் ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்று பாடிய பாட்டு பழிகரப்பின் சிறப்பினை நன்கு காட்டும். அவன் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசப்பெற்றுக் காவல்மிக்க மனையில் உள்ளன என்றும், அதியமானுடையனவோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றும் அவர் கூறுகின்றார். போர் அறியாதவன் என்று ஓரிடத்தும் சொல்லவில்லை. ஆயினும் கேட்டோர் யாவரும் அப்பொருளை உணர்ந்திருப்பர்.

கோவூர் கிழார் செய்ததோ நேர்முகக் கண்டனம். நலங்கிள்ளி முற்றுகையிட, ஆவூர்க் கோட்டையுள் அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியை நோக்கி, யானைகள் நீராடாமலும் உணவின்றியும் வருந்துவதனையும், குழந்தைகள் பாலின்றி அழுவதனையும் எடுத்துக்கூறி, அறவழி நிற்பாயேல் கதவைத் திற, மறவழி நிற்பாயேல் வெளிவந்து பொரு, இரண்டுமின்றி அடைத்திருத்தல் நாணத்தக்கது என்று இடித்துரைக்கின்றார். ஒரு மன்னனை இதனினும் கடுமையாகத் தாக்குதல் அரிது. எனினும் அவர் சுட்டியது அவன் செயலையும் அச்செயலால் நாடு உற்ற துன்பத்தையுமே. அவன் பிறப்பை அன்று, உடலை அன்று, குடிமகளிரை அன்று. இவ்வெல்லையே அங்கதத்தையும் இழிசொல்லையும் பிரிப்பது.

3. சிறுசொல்

இழிசொல்லைக் குறிக்கச் சங்க காலத்தவர் ஒரு நல்ல பெயரை வழங்கினர். அது 'சிறுசொல்' என்பது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனின் வஞ்சினப் பாட்டில் இச்சொல் வருகின்றது. இவன் இளையன் என்று பகையரசர் தன்னை எள்ளியதனை அவன் 'சிறுசொல்' என்றான். அதற்கு விடையாக அவன் ஒரு சிறுசொல்லைத் திருப்பிக் கூறினானல்லன். அவர்களைப் போரில் வெல்லேனாயின் குடிகள் என்னைக் கொடுங்கோலன் எனப் பழிதூற்றுக. மாங்குடி மருதன் தலைமையிலான புலவர் என் நாட்டைப் பாடாது நீங்குக. இரப்போர்க்கு ஈயமுடியாத வறுமை என்னை வந்தடைக என்றான்.

இங்கு வசைமொழி முழுவதும் பேசுவோன்மீதே திரும்பியிருத்தல் காண்க. பகைவர் சொல் சிறியது. இவன் சொல் பெரியது. அச்சொல் பெரிதாயினமைக்குக் காரணம், அதன்கண் ஒரு பொறுப்பு ஏற்கப்பட்டுள்ளமையாகும். சிறுசொல்லில் பேசுவோன் எதற்கும் பொறுப்பேற்பதில்லை. சிலப்பதிகாரத்திலும், தமிழரசர் ஆற்றலை இகழ்ந்துரைத்த கனக விசயரை நாவைக் காவாதவர் என்று சுட்டுகின்றார் இளங்கோவடிகள். அவர்தம் தலைமீது பத்தினிக் கல் ஏறியமைக்கு அந்நாவும் ஒரு காரணமாயிற்று.

4. இன்றைய மேடை

இவ்வளவைகளைக் கொண்டு அண்மைக் கால நிகழ்ச்சிகள் சிலவற்றை நோக்குவோம். தலைவர் பெயரும் கட்சிப் பெயரும் ஈண்டு வேண்டப்படுவனவல்ல. ஒரு கட்சியினர்க்கே உரிய குற்றமும் அன்று இது. 2019 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத் தேர்தல் மேடையில் ஒரு தலைவர், தம்மை எதிர்த்து நின்ற பெண் வேட்பாளரை அவர் அணியும் உள்ளாடையின் நிறத்தைச் சுட்டி இகழ்ந்தார் எனக் கண்டு, தேர்தல் ஆணையம் 72 மணி நேரம் அவரைப் பரப்புரையினின்றும் விலக்கியது. 2021 ஏப்ரலில் தமிழ்நாட்டில், முதலமைச்சரின் தாயைக் குறித்து வந்த இழிமொழிக்காக, எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் 48 மணி நேரம் விலக்கப்பட்டார். 2023 செப்டம்பரில் மக்களவையிலேயே ஓர் உறுப்பினர் மற்றோர் உறுப்பினரைச் சமயம் சுட்டி இழித்தார். அச்சொற்கள் அவைக்குறிப்பினின்றும் நீக்கப்பட்டன. 2025 ஏப்ரலில், சைவ வைணவச் சின்னங்களையும் பரத்தையரையும் இணைத்துப் பொதுக்கூட்டத்தில் பேசிய தமிழ்நாட்டு அமைச்சர் ஒருவர், முதலிற் கட்சிப் பதவியையும் பின்னர் அமைச்சர் பதவியையும் இழந்தார்.

இவற்றுள் மூன்றற்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. தாக்கப்படுபவர் ஓர் அரசியல் எதிரி அல்லது ஒரு கொள்கை. ஆயின் சொல் சென்று தைப்பது பெண்ணின்மீது. அதிலும், தாயும் பரத்தையும் அம்மேடையின் பூசலிற் பங்குகொண்டவரே அல்லர். நான்காவதில் சொல் சென்று தைப்பது ஒரு சமுதாயம் முழுவதன்மீதும். எதிரியின் ஆட்சிமுறையோ கொள்கையோ ஓரிடத்தும் தொடப்படவில்லை. கோவூர் கிழாரின் இடிப்புரைக்கு நெடுங்கிள்ளி விடை கூறியே ஆகவேண்டும். இவ்விழிசொற்களுக்கோ எதிரி விடை கூறவேண்டுவதில்லை. வருந்தினால் போதும், பல நேரங்களில் அவ்வருத்தமே அவருக்கு வாக்காகவும் மாறுகின்றது. இழிசொல் எதிரியைத் தப்பவிடுகின்றது என்பதே அதன்மேல் நாம் கூறும் முதற்குற்றம்.

இதனைத் தடுக்க நம் காலத்து அமைப்புகள் கொண்ட வழிகளுள் சில அவையை நோக்கியனவே. இழிபொருட் சொற்களைப் பொதுவிடத்திற் கூறுவதனைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்கிதையின் 296ஆம் பிரிவு, அவற்றால் பிறர்க்குத் தொல்லை விளைந்திருத்தல் வேண்டும் என்கின்றது. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர்க்கு எதிரான வன்கொடுமைகளைத் தடுக்கும் 1989ஆம் ஆண்டுச் சட்டமும், அவர்களை இழிவுபடுத்தல் பொதுமக்கள் காணும் இடத்தில் நிகழ்ந்ததா என்று நோக்குகின்றது. மக்களவை விதிகளுள் 380ஆவது, இழிவான, அவைக்கொவ்வாத, மாண்பற்ற சொற்களை நீக்கும் உரிமையை அவைத்தலைவர்க்கு அளிக்கின்றது.

ஆயினும் சொற்பட்டியல் செய்யும் முயற்சி வேறுவகைப்பட்டது. 2022 சூலையில் மக்களவைச் செயலகம் வெளியிட்ட தொகுப்பில் ஊழல், வஞ்சனை, பாசாங்கு, திறமையின்மை என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்களும் இடம்பெற்றன. எச்சொல்லும் தடைசெய்யப்படவில்லை, முன்னர் நீக்கப்பட்டவற்றின் தொகுப்பே அது என்று அவைத்தலைவர் விளக்கினார். அவ்வாறாயினும், ஊழல் என்னும் சொல்லை வழங்காது ஓர் ஆட்சியைக் கண்டிப்பது யாங்ஙனம்? அஃது அவையல்கிளவி அன்று. செம்பொருள் அங்கதத்திற்கு உரிய சொல். மறுதலையாக, குற்றமற்ற எளிய சொற்களைக் கொண்டே மிக இழிந்த பொருளைக் குறிப்பித்தலும் இயலும். தொல்காப்பியர் பட்டியல் தராது அவையைச் சுட்டியதன் நுட்பம் இதனால் விளங்கும்.

5. மறுப்புரைகள்

மேடைமொழியின் கீழ்மையை நியாயப்படுத்துவோர் மூன்று காரணங்கள் காட்டுவர். அவற்றையும் ஆராய்தல் முறையாகும்.

முதலாவது, இது மக்கள்மொழி என்பது. ஏட்டுத் தமிழைவிட்டு மக்கள் பேசுமாறு பேசுகின்றோம் என்பர். மக்கள்மொழியை அறியாதார் கூற்று இது. இடக்கரடக்கல் புலவர் படைத்ததன்று; வழக்கினின்றும் புலவர் எடுத்துக்கொண்டது. 'வெளிக்குப் போதல்' என்பதும், 'வீட்டுக்குத் தூரம்' என்பதும் கல்லாத சிற்றூர் மக்கள் ஆக்கிய அடக்கல்களே. வயலில் கடுஞ்சொல் வழங்குபவனும், ஊர்ப் பொதுவில் பெரியோர்முன் நின்று பேசுங்கால் சொல்லை மாற்றிக்கொள்கின்றான். அவையறிதலைக் கைவிட்டவர் மக்கள் அல்லர். அவர் பெயரால் பேசுவோரே.

இரண்டாவது, காளமேகப் புலவர் முதலியோர் வசைபாடவில்லையா என்பது. பாடினர்; அவர்தம் தனிப்பாடல்களுள் இடக்கரான பொருள் தருவனவும் உள்ளன. எனினும், அவை சிலேடையாலும் யாப்பாலும் கட்டுண்டவை; கேட்போர் சொல்லைப் பிரித்தும் கூட்டியும் பொருள் காணவேண்டியவை. ஆண்டு வசைக்கு விலையாகப் புலமை செலுத்தப்படுகின்றது. அவ்விலையைச் செலுத்தாதார்க்கு அம்மரபு சான்றாகாது.

மூன்றாவது, இரட்டைப் பொருளில் பேசினோம், தீய பொருளைக் கொண்டவர் கேட்டவரே என்பது. இது பழிகரப்புப் போலத் தோன்றினும் அன்று. ஔவையார் மறைத்த பொருளை உணர்ந்தோர் ஓர் அரசனைப் பற்றிய உண்மையை உணர்ந்தனர். அவர் மறைத்தது அவ்வுண்மை மேலும் ஆழப் பதிதற்பொருட்டு. மேடையின் இரட்டைப் பொருளை உணர்ந்தோர் காண்பது ஒரு பெண்ணின் உடலையே. ஆண்டு மறைப்பது, வழக்கு வரின் தப்புதற்பொருட்டு.

6. மருவுதலும் அதன் கேடும்

அவையல்கிளவியை விதித்த தொல்காப்பியர் அதற்கு ஒரு விலக்கும் கூறினார். வழக்கில் மருவிவிட்ட சொற்களை மறைக்கவேண்டுவதில்லை என்பது அது. உரையாசிரியர்கள் இதற்கு விலங்குகளின் கழிபொருட் பெயர்கள் சிலவற்றைக் காட்டுவர். நெடுங்காலம் தீய எண்ணமின்றிப் பலரும் வழங்கினமையால் அவை கூச்சம் நீங்கின. மொழியின் இயல்பான மாற்றத்தைத் தொல்காப்பியர் ஒப்புக்கொண்டார் என்க.

இவ்விலக்கே இன்று நமக்கு அச்சம் தருகின்றது. முன்னாளில் தலைவர் வருமளவும் கூட்டத்தைக் கலையாது வைத்திருக்க, கீழ்நிலைப் பேச்சாளர் சிலர் சிறுசொல் வழங்குவதுண்டு. தலைவர் மேடையேறியதும் மொழி உயரும். கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்று அறிஞர் அண்ணா மூன்று சொற்களை அமைத்தபோது, நடுவண் நின்றது கண்ணியமே. கட்சிகள் யாவும் அவ்வேற்றத் தாழ்வினை ஒருவாறு காத்தன. இன்று தலைவரே அச்சொற்களைக் கூறுங்கால், அவை மருவத் தொடங்குகின்றன. அன்றியும், ஒலிபெருக்கி எட்டும் அளவே அவை என்றிருந்த காலம் போயிற்று. தம் கட்சியினர்க்கென்று பேசிய பேச்சு, அவ்விரவே கைப்பேசி வழியாக எல்லா இல்லங்களையும் அடைகின்றது. மக்களவைக் குறிப்பினின்றும் நீக்கிய சொற்கள், படக்காட்சியாகப் பரவியதனை 2023இல் கண்டோம். இன்று பேசுவோர் அறியவேண்டிய அவை நாடு முழுவதும் ஆகும்.

அவ்வவையின் இயைபும் மாறியுள்ளது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகளில் மகளிர்க்கு 50 விழுக்காடு இடம் 2016இல் சட்டமாயிற்று. மக்களவையிலும் சட்டப்பேரவைகளிலும் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2023இல் இயற்றப்பட்டது. இருக்கையைச் சட்டம் தரும். அவ்விருக்கையில் அமர்ந்து பேசுதற்குரிய சூழலைச் சட்டம் மட்டும் தரமாட்டாது. தாயையும் மனைவியையும் இழுத்துப் பேசும் மேடைக்குத் தம் மகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவாராயின், சிறுசொல் ஒரு குடியுரிமையையே பறித்ததாகும்.

இதன்கண் தமிழ் பயிற்றும் நமக்கும் பங்குண்டு. மேடைத்தமிழ் என்றால் அடுக்குமொழி என்று மாணவர்க்குக் கற்பித்தோம். அவையறிதலை மனப்பாடப் பகுதியாக்கினோம். இடக்கரடக்கலை இரண்டு மதிப்பெண் வினாவாகச் சுருக்கினோம். சிறுசொல் எழுந்த மேடைகளின் முன்வரிசையில் தமிழாசிரியரும் அமர்ந்திருந்ததுண்டு. பிறரொடு சேர்ந்து நகைத்ததுமுண்டு. அங்கத இலக்கணத்தை இன்றைய சொற்பொழிவுகளோடு பொருத்தி ஆராயும் ஆய்வுகள் நம் துறைகளில் பெருகுதல் வேண்டும். எது கண்டனம், எது சிறுசொல் எனப் பகுத்தறியும் பயிற்சி, வருங்கால அவையோர்க்கு நம் வகுப்பறையிலேயே கிடைத்தாக வேண்டும். மருவியது எது என்பதனை முடிவுசெய்வோர் பேசுவோர் அல்லர்; கேட்போரே. அவை மறுக்குமளவும் எச்சொல்லும் மருவாது.